நாஜியாவுக்கு அரைப் பங்கு

தைலம்மாளின் சின்ன மகள் எந்த வீட்டில் தூங்குகிறாளோ அந்த வீட்டுக்கு அடியில் மண் இடுப்பளவு உயர்ந்துவிடும். கொடுவாப்பேட்டையில் இது ரகசியமெல்லாம் இல்லை. மத்தி விலை போல, மழை வந்தால் கரண்டு போகும் என்பது போல, ஊருக்கே தெரிந்த சங்கதி. குழந்தையைப் படுக்க வைத்த முதல் வாரம் ஒரு சாண் எழும்பும், அப்புறம் முழங்கால், மாதம் முடிவதற்குள் இடுப்பு. அதற்கு மேல் போகாது. சத்தம் கிடையாது, ஆட்டம் கிடையாது, அடுக்கி வைத்த பானைகூட அசையாது. குனிந்திருந்த யாரோ மண்ணுக்குக் கீழே முதுகை நிமிர்த்தினாற்போல வீடு மேலே போகும். வாசலில் ஏறி இறங்க இரண்டு கல்லை அடுக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு.

கொடுவாப்பேட்டை கடலூருக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கக் கூடாதோ அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த காலையில் தைலம்மாளின் புருஷன் ராஜாமணி கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். வலை கிடைத்தது, பிரித்த பக்கம் பிரித்தபடியே. நிறைமாதமாக இருந்த தைலம்மாளை மேற்கே இழுத்துக்கொண்டு ஓடியவள் மூத்த மகள் அஞ்சலாட்சி. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்பு. ஒரு லாரி அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டது. அங்கே தெருவிலிருந்த முஸ்லிம் வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்திலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்த ரமீஜா பீவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தைலம்மாளுக்கு வலி எடுத்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு புடவையை மறைப்புக்குக் கட்டி, பிள்ளையை வெளியே எடுத்தாள். குழந்தையின் கண் எரிந்ததற்குக் காரணம் வெங்காயமா உலகமா என்று தெரியவில்லை. அழுத அழுகையில் மண்டபமே ஒரு நிமிஷம் தன் அழுகையை நிறுத்திக்கொண்டது.

அப்பன் செத்த நாளில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் லேசில் பேர் வைக்க மாட்டார்கள். அப்பனை முழுங்கியது என்பார்கள், அதுவே பேராகிவிடும். ரமீஜா பீவிக்கு இந்த வழக்கம் தெரியாது. "நாஜியான்னு வைம்மா. தப்பிச்சவள்னு அர்த்தம்" என்றாள். தைலம்மாள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் ஆட்டியிருப்பாள்.

ஊர் திரும்பியதும் நாட்டார் பச்சமுத்து, அதாவது ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர், சிரித்தார். "ஏன்மா, நம்ம சாமிக்கெல்லாம் பேரு தீந்துபோச்சா? சாயபு வூட்டுப் பேரு கேக்குதா புள்ளைக்கு?" அஞ்சலாட்சி சொன்னாள்: "சாமி அன்னிக்கு எங்க மாமா இருந்துச்சு? சோறு போட்டவங்க வச்ச பேரு." புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்த வீடு என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2005 ஐப்பசியில் மழை பிடித்தபோது ஊரே தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தது. பள்ளமான புறம்போக்கைப் பார்த்துத்தான் கொட்டகை போடுவார்கள், அது அரசாங்கத்தின் கண். தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. தைலம்மாளின் கொட்டகை மட்டும் இடுப்பளவு மேட்டில், உலர்ந்த விறகும் எரிகிற அடுப்புமாக இருந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அந்த மழை முடியும்வரை அங்கேதான் கால் நீட்டிப் படுத்தார்கள். பச்சமுத்துவின் மனைவி வேலம்மாள், பிள்ளையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "ராசாத்தி, ஊரத் தூக்க வந்த ராசாத்தி" என்று கொஞ்சினாள். சுனாமிக் குடியிருப்பில் சிமெண்ட் வீடு கொடுத்தபோதும் அப்படியே நடந்தது. காண்ட்ராக்டர் வந்து பார்த்து, நான் போட்ட அஸ்திவாரம் இவ்வளவு உசரம் இல்லை, இதுக்கு எக்ஸ்ட்ரா பில் போட முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

பேர் பரவ ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதலில் வைத்தது பச்சமுத்துவே, தன் மகன் வினோத்குமாரின் பெண்ணுக்கு. மொட்டை போடத் திருவந்திபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கெடிலம் ஆற்றங்கரையில் உட்கார வைத்து, பெருமாளைச் சாட்சி வைத்து, மூன்று தடவை காதில் நாஜியா என்று கூப்பிட்டார்கள். வீடு ஒரு முழம் ஏறியது. அதோடு ஊரில் பூஜாவும் ப்ரீத்தியும் செத்தன. பிறந்த பெண்ணெல்லாம் நாஜியா. ஏற்கெனவே பூஜாவாக இருந்ததும் நாஜியா. பையன்களாகப் பெற்றிருந்த ஒரு வீட்டில், எழுபதைத் தாண்டிய மாமியாருக்குப் புதுப்புடவை எடுத்துக் கொடுத்து நாஜியா என்று பேர் மாற்றினார்கள். அதுவரை மருமகள் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். சடையப்பன் தன் புது மீன்பிடிப் போட்டுக்கு அந்தப் பேரைப் பெயிண்ட் அடித்தான். அடித்த ராத்திரியே போட்டு மணல் மேட்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, கடலுக்கு இறங்க மாட்டேன் என்றது. ஊரே சேர்ந்து தள்ளியும் நகரவில்லை. பேரைச் சுரண்டிய பிறகுதான் தண்ணீரைத் தொட்டது. கடலூர் வரைக்கும் சங்கதி போனது. செம்மண்டலத்தில் சர்ச்சுக்குப் போகிற தேவசகாயம் வாத்தியார் தன் பேத்திக்கு நாஜியா மேரி என்று ஞானஸ்நானம் கொடுத்தார். தாழ்வான மனை வாங்கியவர்களெல்லாம் பெண் பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பெண் பிள்ளை பிறக்க வேண்டும் என்று இந்த ஜில்லாவில் வேண்டிக்கொண்டது அந்த இரண்டு மூன்று வருஷம்தான்.

இதில் ஒரு கணக்கு இருந்ததை முதலில் கவனித்தவள் அஞ்சலாட்சி. அவள் அப்போது சிதம்பரத்தில் பி.எஸ்சி. சேர்ந்திருந்தாள். அவர்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் கால். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வீட்டு வாசலில் அடுக்கிய கல்லைப் பார்ப்பாள். இரண்டு கல் ஒரு கல்லானது. புதிதாக ஒரு வீட்டில் பேர் வைத்தால் இவர்கள் வீடு ஒரு சுற்று இறங்கியது. மேடு புதிதாகப் பிறக்கவில்லை. தங்கச்சிக்கு அடியிலிருந்து எடுத்துத்தான் ஊர் முழுக்கக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வீடு முழங்காலுக்கு வந்தபோது அவள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் ரமீஜா பீவி வீட்டுக்குப் போனாள். இந்தப் பேருக்குக் கதவு போட்டுச் சாத்த முடியுமா என்று கேட்க வேண்டும்.

ரமீஜா பீவி நாஜியாவை அணைத்து உச்சி முகர்ந்து, கையில் ஒரு போளியைக் கொடுத்துவிட்டு, "பேருக்கு யாரும்மா வேலி போட முடியும்?" என்றாள். "எங்க தெருவுலயே நாலு நாஜியா. ஒருத்தி வூடும் ஏறலியே! போன மழைக்குக்கூட எங்க வூட்டுக்குள்ள தண்ணி."

அவள் மகள் ஷமீமா மதரசாவில் ஓதியவள். அவள்தான் விளக்கமாகச் சொன்னாள். "தப்பிச்சவங்கறது மேலோட்டமான அர்த்தம்க்கா. இதோட வேர் பாலைவனத்துல இருக்கு. அங்க திடீர்னு காட்டு வெள்ளம் வரும். வெள்ளம் ஏற முடியாத மேட்டு நெலத்துக்குப் பழைய அரபியில நஜ்வான்னு சொல்வாங்க. அந்த மேட்டுல ஏறுனவன் தப்பிச்சான். அதனால தப்பிக்கிறதுக்கே அந்த மேட்டோட பேரு வந்துச்சு."

"அப்ப இவதான் மேடா?"

"ஆமா. ஆனா எங்காளுங்க நாலா தெசையிலயும் ஆயிரம் வருசமா வச்சு வச்சுத் தேச்சுட்டோம். ஆளுக்கு ஒரு மணல் வந்தா ஜாஸ்தி. உங்கூரு மண்ணுக்கு இது புதுப் பேரு. அதான் முழுசா வேல செஞ்சிருக்கு." சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று நிறுத்திக்கொண்டாள். "நீங்களும் தேச்சுராதீங்க."

நாஜியா போளியைத் தின்று முடித்துவிட்டு அக்கா மடியில் தூங்கிவிட்டாள். கிளம்பும்போது ரமீஜா வீட்டு நடையில் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டு, ஒரு நகக்கண் அளவு எழும்பியிருந்தது. ரமீஜா பீவி அதைத் தடவிப் பார்த்து, "இருக்கட்டும், மாத்த மாட்டேன்" என்றாள்.

ஊரில் அதற்குள் சண்டை. முந்தி வைத்தவன் வீடு உயரம், பிந்தி வைத்தவன் வீடு தாழ்வு. இரண்டு நாஜியா வைத்திருந்தவன் இரட்டிப்பு மேட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மாரியம்மன் கோயில் எதிரில் பஞ்சாயத்து கூடியது. கொடுவாப்பேட்டையில் எல்லாமே பங்கு. பெரிய வலையில் விழுந்த மீன் பங்கு, கோயில் செலவு பங்கு, சுனாமிக்கு வந்த அரிசி, குடம், பாய், கிழிந்த பேன்ட் உட்பட ஊருக்குச் சமமாகப் பங்கு. ஊருக்கு வரி கொடுக்கிற ஆம்பிளை உள்ள வீட்டுக்கு முழுப் பங்கு, ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அரை வரி, அரைப் பங்கு. பெண்கள் கூட்டத்தில் உட்காரக் கூடாது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம். அஞ்சலாட்சி சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு?" என்றார் பச்சமுத்து.

"பொம்பளப் பேரத்தான மாமா பங்கு போடுறீங்க? ஆம்பளப் பேரா போடுறீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "படிச்ச புள்ள, நியாயமா பேசு. வந்த அரிசியப் பிரிச்சோமா இல்லியா? பேர மட்டும் ஏன் பிரிக்கக் கூடாது?"

"அது எந்தங்கச்சி பேரு. நிவாரணம் இல்ல."

"உங்கப்பன் வச்சானா? உங்கம்மா வச்சாளா? சுனாமியப்ப வெளியூரு பாயம்மா குடுத்தது. வெளியிலேர்ந்து வந்தது எதுவா இருந்தாலும் நிவாரணந்தான். நிவாரணம்னா ஊருக்குப் பொது. நானா வச்சேன் இந்தச் சட்டத்த?"

"அந்தச் சட்டத்துலதான மாமா எங்க வூட்டுக்கு அரிசி பாதி குடுத்தீங்க? அப்பா போன வூட்டுக்குப் பசியும் பாதியாவா போயிடுச்சு?"

அந்த ஊரில் பதில் இல்லாத கேள்விக்குக் காறித் துப்புவார்கள். ஒருவர் துப்பினார். தீர்ப்பு சொல்லப்பட்டது: தலைக்கட்டுக்கு நாலு விரல் மேடு, சமமாக. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு இரண்டு விரல். மறுநாள் விடிந்தபோது மண் அதன்படி நடந்திருந்தது. ஏறியிருந்தவை இறங்கின, இறங்கியிருந்தவை ஏறின, எல்லா வீடும் தரையிலிருந்து நாலு விரல். ஆம்பிளை இல்லாத வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான், மூலப் பேருக்குச் சொந்தக்காரி தூங்கிய அந்த வீடு இரண்டு விரல். கடலே ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்படாத இடத்தில் மண் உட்பட்டது. தைலம்மாள் வாசலில் மிச்சமிருந்த கல்லை எடுத்துக்கொண்டுபோய்த் துணி துவைக்கப் போட்டுக்கொண்டாள்.

அஞ்சலாட்சி டிகிரி முடித்தாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை, ஓர் அறை, அறையில் இரண்டு பேர் படுக்கிற அளவுக்குப் பாய். தை பிறந்ததும் தங்கச்சியை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. அம்மாவையும் வரச் சொன்னாள். தைலம்மாள் வர மறுத்தாள். "ஊர வுட்டுப் போனா வரிக் கணக்குலேர்ந்து பேரு போயிடும்டி. அரைப் பங்குதான், இல்லங்கல. அரையாச்சும் இருக்குல்ல?" இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எத்தனை தலைமுறைப் பெண்களை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அஞ்சலாட்சிக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மாவிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? கதவைச் சாத்திவிட்டு பஸ் ஏறினாள். கதவிடுக்கில் தலையை நீட்டி நாஜியா, "அக்கா, அங்க வூடு ஏறுமா?" என்று கேட்டாள். "நீ வந்தா ஏறும்" என்றாள் அஞ்சலாட்சி. அது 2011 டிசம்பர், அரையாண்டு லீவு.

அந்த மாதக் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்தது. பண்ருட்டிப் பலா மரங்களையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கிப் போட்டது அப்புறம். முதலில் கடல் எழுந்தது. விடிகிற நேரத்தில், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க, கூரை தாங்குமா என்று தைலம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையை ஒரு வேளைக்கு வைத்துக்கொள்வார்களா என்று கேட்க, எதிரிலிருந்த பச்சமுத்து வீட்டுக்கு ஓடினாள். வேலம்மாள் ஜன்னலைத் திறந்தாள், கதவைத் திறக்கவில்லை. "மதினி, தப்பா நெனச்சுக்காத. இந்த நாலு வெரலும் எங்க வூட்டுத் தலைக்குப் போட்ட கணக்கு. கூட ஒண்ணு ஏறுனா எல்லாருக்கும் நனையும்."

"கொழந்த மதினி. உம்மடியில கெடந்த புள்ள மதினி."

"அதுக்கு இன்னா பண்றது? ஊருக் கட்டுப்பாடு."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தைலம்மாளின் பாதத்தை நனைத்துக் கடந்து போனது. ஊருக்குள் மூன்று விரல் உயரம்தான் வந்தது. நாலு விரல் மேட்டில் நின்ற ஒரு வீட்டுக்குள்ளும் நுழையவில்லை, ஒரு வாசல் கோலமும் கலையவில்லை. ஆனால் வந்த தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும். பள்ளம் தேடிப் போவது அதன் குணம். பள்ளம் எது என்று தீர்ப்புச் சொல்லியே வைத்திருந்தார்கள். ஊர் மொத்தத்துக்கும் வர வேண்டிய தண்ணீர் அந்த ஒரு வீட்டுக்குள் போனது. மேட்டில்தான் அரைப் பங்கு, தண்ணீரில் முழுப் பங்கு.

சிதம்பரத்திலிருந்து பஸ் இல்லை. ரோடெல்லாம் மரம். ஏறியும் குனிந்தும் நடந்தே அஞ்சலாட்சி மறுநாள் வந்து சேர்ந்தபோதும் வீட்டில் தண்ணீர் அப்படியே நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. வெளியே ஒரு சொட்டு வழியவில்லை. வெளியே தெருவில் புழுதி. வாசல்படிக்கு அந்தப் பக்கம் கூரை உயரத்துக்குத் தண்ணீர், கண்ணாடி வைத்து அடைத்தது போல. உள்ளே பாயும், பள்ளிக்கூடப் பையும், அலுமினியச் சட்டியும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கூரையை ஒட்டி நாஜியா படுத்திருந்தாள். அவ்வளவு உயரத்தில் அவள் அதுவரை படுத்ததில்லை. எட்டு வயதுக்கு அடியெடுத்து வைத்திருந்தாள். தைலம்மாள் தெருவில் உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி உள்ளே போனாள். அவள் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் தண்ணீர் இறங்கியது.

பார்வையிட வந்த அதிகாரியிடம் பச்சமுத்து, "எங்க ஊருல உசுருச் சேதமே இல்லங்க ஐயா" என்று சொன்னார். கூட நின்றவன் முழங்கையால் இடித்தான். "ஒண்ணு" என்று திருத்திக்கொண்டார். அஞ்சலாட்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் சட்டையைப் பிடித்தாள். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். அதிகாரி, துக்கத்தில் இருக்கிற பெண், தண்ணீர் கொடுங்கள் என்றார். தண்ணீர் கொடுத்தார்கள்.

சவுக்குத் தோப்பு ஓரத்தில் புதைத்த இடத்தில் மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோது மண் ஒரு சாண் எழும்பியிருந்தது. காரியத்தன்று இடுப்பு. செத்தவளோடு இனி யாரும் பங்கு கேட்க முடியாது, அதனால் மேடு தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. சித்திரைக்குள் பனைமர உயரம் வந்துவிட்டது. கடலில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்துக் கரை திரும்ப வசதியாக இருந்தது. பெண்கள் அதன் சரிவில் கருவாடு காயப் போட்டார்கள், நல்ல காற்று, நாய் ஏறாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் நாஜியா.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், 2012 ஆவணியில், பஞ்சாயத்து மறுபடி கூடியது. அந்த மேட்டு மண்ணை வாசலில் கொட்டினால் வீடு இன்னும் கொஞ்சம் ஏறுகிறது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கூடை என்று முடிவானது. எவ்வளவு எடுத்தாலும் மறுநாள் மேடு பழைய உயரத்தில் நின்றது, ஆகவே இந்தத் தடவை சண்டை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லீவுக்கு வந்திருந்த அஞ்சலாட்சி பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, வினோத்குமார் தலையில் கூடையோடு வாசலில் வந்து நின்றான். கூடை பாதி நிறைந்திருந்தது.

"அத்த, உங்க பங்கு" என்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

"இன்னாடா இது?" என்றாள் அஞ்சலாட்சி.

"அரை வரிக்கு அரைக் கூடை. நான் இன்னா பண்ணட்டும் அஞ்சல, அப்பாதான்..."

"எங்க புள்ளையோட மண்ணு. அதுலயும் பாதியா?" அவள் வாயிலிருந்த நுரையைத் துப்பினாள். "எம்மா, வாங்காத. கொண்டுபோய் அந்த ஆளு தலையிலேயே கொட்டச் சொல்லு. கேக்குதா எம்மா?"

தைலம்மாள் கூடையை இறக்கி வாங்கிக்கொண்டாள். "கத்தாதடி. வேணான்னா இதுவும் இல்லாமப் போயிடும்" என்றாள். மண்ணை வாசல்படிக்குக் கீழே கொட்டினாள், கட்டிகளைக் கையால் நொறுக்கினாள், ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து இறுக்கினாள். மிதிக்கும்போது மெதுவாகத்தான் மிதித்தாள். மண் இரண்டு விரல் எழும்பி நின்றது. அதன்மேல் சின்னதாக ஒரு கோலத்தை இழுத்துவிட்டு, காலிக் கூடையை வினோத்குமாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீன் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, படி புதிது என்பதால், அஞ்சலாட்சிக்குக் கால் தடுக்கியது. அடுத்த வாரம் தடுக்கவில்லை.